ஸ்கேனுக்கு பாலிசியில் காசு வருமுங்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் மருத்துவக் காப்பீட்டு முகவராக இருக்கிறேன். மாசி, பங்குனியில் மஞ்சள் விற்ற காசு கைக்கு வந்ததும் எங்கள் பக்கத்தில் வரிசையாகச் சில வேலைகள் நடக்கும். அடகு வைத்த நகையை மீட்பார்கள், பாலிசியைப் புதுப்பிப்பார்கள், அப்புறம் "ஒரு தடவை முழு உடம்பையும் ஸ்கேன் பண்ணிப் பாத்துரலாம்" என்று கோயமுத்தூருக்குக் கார் எடுப்பார்கள். காரில் ஏறும் முன் எனக்கு ஒரு போன் வரும். அந்தப் போன்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவைதான் இங்கே இருக்கின்றன.

நான் டாக்டர் இல்லை. பாலிசி விற்றால் எனக்குக் கமிஷன் உண்டு. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

நல்லாத்தான் இருக்கிறேன், சும்மா ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். பாலிசியில் காசு வருமுங்களா?

வராதுங்க. நம் நாட்டில் விற்கும் சாதாரண மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் பார்ப்பதற்கானது. பொதுவாக 24 மணி நேரம் உள்நோயாளியாக இருக்க வேண்டும். கண்புரை, டயாலிசிஸ் மாதிரி பகல்நேரச் சிகிச்சைகளுக்கு மட்டும் விதிவிலக்கு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019இல் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே வாசகத்தில் விலக்குப் பட்டியல் ஒன்றை எழுதிக் கொடுத்தது. அதில் நான்காவது விலக்கு இதுதான்: பரிசோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டுமே அட்மிட் ஆனால் அந்தச் செலவு கிடையாது. உங்கள் பாலிசிப் புத்தகத்தில் 'கோடு 04' என்று தேடிப் பாருங்கள், இருக்கும்.

ஆனால் அதே ஸ்கேனுக்குக் காசு வரும் வழியும் ஒன்று இருக்கிறது. பவானியில் ஒரு பெண், வயது 52 என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிக்கும்போது மார்பில் கட்டி தட்டுப்படுகிறது. மார்பை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் எடுக்கிறார், கட்டியிலிருந்து துளி திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி செய்கிறார், 18 நாள் கழித்து ஆபரேஷன். இப்போது மேமோகிராம், பயாப்சி, வெளியே எடுத்த ரத்த டெஸ்ட் எல்லாமே 'அட்மிஷனுக்கு முந்தைய செலவு' என்ற தலைப்பில் திரும்பி வரும். ஆரோக்ய சஞ்சீவனி என்ற பொதுவான பாலிசியில் அதற்கு 30 நாள் கணக்கு. பல கம்பெனிகளின் சொந்தப் பாலிசிகளில் 60 நாள்.

இதே பெண் கட்டி எதுவும் இல்லாமல், முன்னெச்சரிக்கையாக அதே மிஷினில் படம் எடுத்து, "ஒண்ணுமில்லைம்மா" என்று வீட்டுக்கு வந்தால் ஒரு ரூபாய் வராது. பாலிசி பணம் கொடுப்பது வந்த நோய்க்கு. நோய் இருக்கிறதா என்று தேடுவது அதன் கணக்கிலேயே இல்லை. கீழே வரும் முக்கால்வாசிக் கேள்விகள் இந்த ஒரு இடத்திலிருந்து கிளம்புபவைதான்.

ஒரு ராத்திரி அட்மிட் போட்டுட்டா க்ளெய்ம் ஆயிடுமாமே?

இதைச் சொல்லாத ஊர் இல்லை. என் பெரியம்மா கதையைச் சொல்கிறேன்.

கோபி பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். அடுத்த தோட்டத்துக்காரர் திடீரென்று பக்கவாதத்தில் விழுந்து இறந்துபோனார். அதற்கப்புறம் பெரியம்மாவுக்குத் தன் மூளையைப் பார்த்தே ஆக வேண்டும். எனக்குச் சொல்லாமலே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அங்கே டெஸ்க்கில் இருந்தவர், "ஒரு நைட் படுத்துக்குங்க, கேஷ்லெஸ்ல போட்டுக்கலாம்" என்றிருக்கிறார், அதாவது பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டிவிடும் என்று. தலைக்கு எம்.ஆர்.ஐ., கழுத்து ரத்தக்குழாய்க்கு ஒன்று, "வந்ததுதான் வந்தீங்க" என்று முதுகெலும்புக்கு ஒன்று, கூடவே பதினான்கு ரத்த டெஸ்ட். சிகிச்சை என்று நடந்தது ஒரு பாட்டில் குளுக்கோஸ். பில் முப்பதாயிரத்தைத் தாண்டியது. மறுநாள் மத்தியானம் கம்பெனியிலிருந்து பதில் வந்தது: வெளிநோயாளியாகவே செய்திருக்கக்கூடிய பரிசோதனைகள், கோடு 04, நிராகரிப்பு.

பணம் கட்டிவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்த பெரியம்மா கேட்டார்: "ஏன் கண்ணு, எனக்கு நோவு இருந்திருந்தா காசு குடுத்திருப்பானுகளா?"

"ஆமாங்க பெரியம்மா."

"அப்ப நல்லா இருக்கறதுக்குத் தண்டமாடா?"

பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அதைவிட என்னை உறுத்தியது வேறு. தலை ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'வயதுக்கேற்ற சிறு ரத்தக்குழாய் மாற்றங்கள்' என்று ஒரு வரி இருந்தது. அறுபதைத் தாண்டியவர்களின் ரிப்போர்ட்டில் அடிக்கடி பார்க்கக்கூடிய வரி அது. பெரியம்மா அதை வியாதியாக எடுத்துக்கொண்டார். ஆறு மாதம் தனியாகக் கிணற்றுப் பக்கம்கூடப் போகவில்லை.

அறிகுறி இல்லாதவருக்கு அறிகுறி எழுதி அட்மிட் போடுவது பொய் க்ளெய்ம். அதில் ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். பாலிசியில் பெயர் இருப்பது உங்களுக்கு.

சீக்கிரம் கண்டுபிடித்தால் கம்பெனிக்கும் செலவு மிச்சம்தானே? ஏன் அவர்களே ஸ்கேன் எடுத்துத் தருவதில்லை?

நியாயமான கேள்வி. நானும் ஆரம்பத்தில் இப்படித்தான் நினைத்தேன்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஆயிரம் பெண்களுக்கு மேமோகிராம், ஆளுக்கு 2,000 ரூபாய் என்றால் 20 லட்சம். அதில் எண்பது பேரை 'இன்னொரு படம் எடுக்கணும், ஊசி டெஸ்ட் பண்ணணும்' என்று திரும்பக் கூப்பிடுவார்கள். நாலைந்து பேருக்கு நிஜமாகவே புற்றுநோய் இருக்கும். ஆக, செலவு இந்த வருடமே நிச்சயம். மிச்சம் என்று ஒன்று வந்தால் அது நாலைந்து வருடம் கழித்து வரும். ஆனால் உங்கள் பாலிசி ஒரு வருட ஒப்பந்தம். 2011 முதல், காத்திருப்புக் காலக் கணக்கு (சில நோய்களுக்குக் காசு வர இத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்ற கணக்கு) போகாமலே வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. நல்ல உரிமைதான், நானே பலரை மாற்றிவிட்டிருக்கிறேன். ஆனால் கம்பெனிக்காரர் கண்ணில் பாருங்கள்: விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் இன்னொருவர். விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்ட பூமியில் யார் தென்னை வைப்பார்கள்?

இன்னொரு காரணமும் உண்டு. காப்பீடு என்பது யாருக்கு வரும் என்று தெரியாத செலவை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வது. வருடா வருடம் எல்லோருக்கும் நிச்சயம் வரும் செலவை அதில் சேர்த்தால், அந்தப் பணத்தை பிரீமியத்தில் வாங்கி, நிர்வாகச் செலவைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கே திருப்பிக் கொடுப்பார்கள்.

பாலிசியில் 'இலவச வருடாந்தர ஹெல்த் செக்கப்' என்று போட்டிருப்பது? அது பெரும்பாலும் சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி. போன்ற விலை குறைந்த டெஸ்ட்கள். வாடிக்கையாளர் வேறு பக்கம் போகாமல் இருக்க ஆகும் செலவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிடைப்பதை விடாதீர்கள். கணிசமான பேர் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் மகள் மேமோகிராம் சும்மா எடுக்கிறாள். அங்கேயும் தனியார் இன்சூரன்ஸ்தானே?

தனியார்தான். ஆனால் அங்கே சட்டம் கையைப் பிடித்து எழுத வைத்தது. 2010இல் ஒபாமா காலத்தில் வந்த சுகாதாரச் சட்டம், தடுப்புப் பணிகளுக்கான நிபுணர் குழு ஒன்று 'ஏ' அல்லது 'பி' தரம் கொடுக்கும் பரிசோதனைகளை, நோயாளியிடம் ஒரு டாலர்கூட வாங்காமல் இன்சூரன்ஸ் கம்பெனிகள் கொடுத்தாக வேண்டும் என்றது. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே கட்டாயம் என்பதால், மேலே சொன்ன 'விதைப்பவர், அறுப்பவர்' சிக்கல் அங்கே பாதி தீர்ந்துவிடுகிறது. நான் விதைத்ததை நீ அறுக்கிறாய், நீ விதைத்ததை நான் அறுக்கிறேன்.

ஆனால் ஒரு குழு போடும் ஒற்றை எழுத்தில் இவ்வளவு பணம் தொங்கினால் என்ன ஆகும்? 2009இல் அந்தக் குழு, 'மேமோகிராம் 50 வயதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை போதும், நாற்பதுகளில் இருப்பவர்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்யட்டும்' என்றது. பெரிய ரகளை. கடைசியில் நாடாளுமன்றமே தலையிட்டு, குழுவின் பழைய பரிந்துரைப்படி 40 வயதிலிருந்தே காசு கொடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டது. 2024இல் குழுவும் 40 முதல் 74 வரை, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை என்று வந்து சேர்ந்தது. அந்தக் குழுவை அமைத்த முறையே செல்லாது என்று ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூனில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் குழு தப்பியது. ஆனால் குழு உறுப்பினர்கள் சுகாதார அமைச்சரின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் என்பதுதான் அது தப்பியதற்குக் காரணம். நாளை அமைச்சர் மனது மாறினால் ஆட்களும் மாறலாம்.

மகளிடம் இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். முதல் படம் இலவசம். அதில் சந்தேகம் வந்து இரண்டாவது படம் எடுத்தால், அது 'ஸ்கிரீனிங்' இல்லை, 'நோய் கண்டறிதல்' என்று பெயர் மாறி பில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. 2026இல் தொடங்கும் திட்டங்களிலிருந்துதான் அந்த அடுத்தகட்டப் படத்தையும் இலவசமாகக் கொடுக்கச் சொல்லி விதி மாறியிருக்கிறது. அங்கேயும் இங்கேயும் மிஷின் ஒன்றுதான். பில்லைத் தீர்மானிப்பது சீட்டில் எழுதும் ஒரு வார்த்தை.

நம் அரசாங்கம் ஏன் எல்லாப் பெண்களுக்கும் மேமோகிராம் கொடுப்பதில்லை?

2016இல் மத்திய சுகாதாரத் துறை வகுத்த வழிமுறைப்படி, 30 முதல் 65 வயது வரை உள்ள பெண்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை, பயிற்சி பெற்ற ஊழியர் கையால் மார்பகத்தைச் சோதிக்க வேண்டும். கர்ப்பப்பை வாய்க்கு வினிகர் போன்ற அமிலம் தடவிப் பார்க்கும் சோதனை. வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது. மிஷின் எதுவும் இல்லை. சந்தேகம் வந்தவர்களுக்கு மட்டும் அடுத்த கட்டமாக மேமோகிராம்.

பணம் இல்லாததால்தான் இப்படி என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. நம் நாட்டில் மார்பகப் புற்றுநோய் மேலை நாடுகளைவிடக் கொஞ்சம் இளவயதிலேயே வருகிறது. இளவயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருக்கும், படத்தில் கட்டியும் வெள்ளை, திசுவும் வெள்ளை. பனிமூட்டத்தில் திம்பம் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற மாதிரி. கையால் சோதிப்பது வேலைக்காகுமா என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி இருபது வருடம் ஒன்றரை லட்சம் பெண்களைத் தொடர்ந்து பார்த்தது. 2021இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கையால் சோதித்ததில், 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே குறிப்பிடும்படி பலன் தெரியவில்லை.

நம் ஊருக்கே வந்தால், 2023 நவம்பரில் தமிழக அரசு வீடு தேடி அழைத்துச் சோதிக்கும் புற்றுநோய்த் திட்டத்தை முதலில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. ஈரோடு அதில் ஒன்று. ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி மற்றவை. வீட்டுக்கு வந்து அழைப்புச் சீட்டு கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். என் வாடிக்கையாளர்களில் ஒரு அம்மா, "கையில தடவிப் பாக்கறதெல்லாம் ஒரு டெஸ்ட்டுங்களா, நான் கோயமுத்தூருலயே பாத்துக்கறேன்" என்று போகாமல் இருந்தார். கோயமுத்தூருக்கும் இன்னும் போகவில்லை.

கலைஞர் கார்டு, இ.எஸ்.ஐ. இருந்தால்?

'கலைஞர் கார்டு' என்று நாம் சொல்வது 2009இல் வந்த பெயர். 2012இலிருந்து அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. பட்டியலில் சிகிச்சைகளோடு சில பரிசோதனைகளும் தனியாக இருக்கின்றன. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்து, முன் அனுமதி வாங்கித்தான் எடுக்க முடியும். அதாவது அறிகுறி வேண்டும். கார்டு இல்லாவிட்டாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் கட்டணம் வெளியே ஆவதில் சிறு பங்குதான்.

இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு. திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளி தன் சம்பளத்தில் 0.75 சதவீதம் கட்டுகிறார், முதலாளி 3.25. தனியார் பாலிசிக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம்: இ.எஸ்.ஐ.யில் வெளிநோயாளிச் சிகிச்சையும் உண்டு. டாக்டர் தேவை என்று எழுதினால் ஸ்கேனுக்காகப் படுக்கையில் படுக்க வேண்டியதில்லை. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வரிசையைத் திட்டுபவர்கள் உண்டு, நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் சம்பளம் உயர்ந்து 21,000ஐத் தாண்டி வெளியே வந்துவிட்டு, அப்புறம் ஒரு வயிற்று ஸ்கேனுக்கு 1,500 ரூபாய் எடுத்து வைக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, 40 வயதைத் தாண்டிய தொழிலாளிக்கு வருடம் ஒரு தடவை இலவச உடல் பரிசோதனையை முதலாளி செய்து தர வேண்டும். ஹெச்.ஆரிடம் கேளுங்கள். கேட்டால்தான் தெரியும்.

முழு உடல் ஸ்கேன் பேக்கேஜ் பாதி விலைக்குத் தருகிறார்களே, எடுக்கலாமா?

ஏன் பாதி விலைக்குத் தருகிறார்கள் என்று முதலில் யோசியுங்கள். எம்.ஆர்.ஐ. மிஷினின் விலை கோடிகளில். பல்லடம், சோமனூர்க்காரர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்: தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வட்டி ஓடும். மிஷினை வாங்கியாகிவிட்டது, டெக்னீஷியனுக்குச் சம்பளம் கொடுத்தாகிவிட்டது, மத்தியானம் இரண்டு மணிக்கு மிஷின் சும்மா கிடக்கிறது. அந்த நேரத்தில் பாதி விலைக்கு ஒருவர் படுத்தாலும் லாபம்தான். நோயாளிகள் ஒரு அளவுக்குத்தான் இருப்பார்கள். நல்லா இருப்பவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். அனுப்பி வைக்கும் டாக்டருக்குக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகளில் தடை செய்யப்பட்டது. தடை இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

"எடுத்தா என்னங்க நஷ்டம்?" என்று கேட்பவர்களுக்கு நான் தென்கொரியாவைச் சொல்வேன். 1999இல் அங்கே அரசு தேசியப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. அதில் தைராய்டு இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிகள், 'வந்ததுதான் வந்தீங்க, இன்னும் 30, 50 டாலர் கொடுத்தால் கழுத்தையும் ஸ்கேன் பண்ணிடலாம்' என்று சேர்த்து விற்றன. 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிப்பு விகிதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கு. ஒரே வருடத்தில் 40,000 பேருக்கு மேல். ஆனால் தைராய்டு புற்றுநோயால் இறந்தவர்கள் முன்பும் பின்பும் வருடம் 300, 400 பேர்தான். கண்டுபிடித்தவற்றில் பெரும்பாலானவை, சும்மா விட்டிருந்தால் ஆயுசுக்கும் தொந்தரவு தராதவை. கண்டுபிடித்துவிட்ட பிறகு சும்மா விட யாருக்கு மனசு வரும்? கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஆபரேஷன். தைராய்டை எடுத்துவிட்டதால் ஆயுசுக்கும் மாத்திரை. ஆபரேஷன் ஆனவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக் குரல் நாணில் பாதிப்பு. 2014இல் அங்குள்ள டாக்டர்களே வெளிப்படையாக எழுதி எதிர்த்த பிறகுதான் ஆபரேஷன்கள் குறைந்தன.

நம் ஊர்ப் பேக்கேஜ் நோட்டீஸ்களிலும் 'தைராய்டு ஸ்கேன் இலவச இணைப்பு' என்று பார்த்திருப்பீர்கள். கழுத்தில் வீக்கமோ, குரல் மாற்றமோ, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததோ இல்லாவிட்டால், அந்த இணைப்பை மட்டும் வேண்டாம் என்று நான் சொல்வேன். முழு உடல் எம்.ஆர்.ஐ. பற்றி, அதில் வருமானம் பார்க்கக்கூடிய ரேடியாலஜிஸ்ட்களின் சங்கமான அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியே 2023இல் அறிகுறியும் ஆபத்துக் காரணியும் இல்லாதவர்களுக்குப் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்றது.

ஸ்கேனில் ஏதாவது தெரிந்துவிட்டால் அப்புறம் பாலிசி கிடைக்காதா? சொல்லாமல் விட்டுவிடலாமா?

சொல்லாமல் விடாதீர்கள். பித்தப்பைக் கல், கர்ப்பப்பைக் கட்டி, குடலிறக்கம் போன்றவற்றுக்கு பாலிசி கிடைக்கும், ஆனால் காத்திருப்புக் காலம் இருக்கும். ஏற்கனவே இருக்கும் நோய்க்கு அதிகபட்சக் காத்திருப்பு 48 மாதமாக இருந்ததை 2024 ஏப்ரலில் 36 மாதமாகக் குறைத்திருக்கிறார்கள். எந்த வயதானாலும் பாலிசி விற்க வேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது. பிரீமியம் எகிறும், அது வேறு விஷயம்.

இதில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. பாலிசி எடுக்க நினைப்பவர் போன மாதம் சும்மா ஒரு ஸ்கேன் எடுத்து, கல் இருப்பது தெரிந்தால், படிவத்தில் எழுதியே ஆக வேண்டும். எடுக்காமல் இருந்திருந்தால் எழுத ஒன்றுமில்லை. அதனால் "பாலிசியை முதலில் எடு, ஸ்கேனை அப்புறம் எடு" என்று முகவர்கள் காதோடு சொல்வது உண்டு. நானும் சொல்கிறேன், அறிகுறி இல்லாதவர்களுக்கு மட்டும். வயிற்று வலியோடு வந்து, "பாலிசி போட்டுட்டு அடுத்த மாசம் ஸ்கேன் எடுத்துக்கறேன்" என்பவரிடம் நான் ஃபைலைத் திறப்பதே இல்லை. முதலில் டாக்டரைப் பாருங்கள் என்றுதான் அனுப்புகிறேன்.

தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய 'அப்போது மறைத்தீர்கள்' என்று க்ளெய்மை மறுக்க முடியாது. முன்பு எட்டு வருடம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் தேதி இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வருடக்கணக்காகப் புகைக்கிறேன். நுரையீரல் சி.டி. எடுக்கலாமா?

இது மற்றதைவிட யோசிக்கத் தகுந்த கேள்வி. அமெரிக்காவில் 53,000க்கும் மேற்பட்ட கடும் புகைப்பழக்கக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்தவர்களிடம், சாதாரண எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைவு. இப்போது அங்கே 50 முதல் 80 வயது வரை, தினம் ஒரு பாக்கெட் வீதம் இருபது வருடத்துக்குச் சமமாகப் புகைத்தவர்களுக்கு இன்சூரன்ஸ் காசு கொடுக்கிறது. விட்டு 15 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் கிடையாது.

ஆனால் அதே ஆய்வில் சந்தேகம் என்று வந்த படங்களில் நூற்றுக்கு 96 கடைசியில் புற்றுநோய் இல்லை. இங்கே பழைய காசநோய்த் தழும்புகளும் சேர்ந்துகொள்ளும். பெருந்துறையில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி நடக்கும் இடம் ஒரு காலத்தில் காசநோய் சானடோரியம் என்பதே இந்தப் பக்கத்து நுரையீரலின் கதையைச் சொல்லும். நிழல் தெரிந்தால் ஊசி விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். மஞ்சள் மண்டியில் மூட்டையில் குத்தூசி விட்டுப் பார்ப்பது போல லேசான வேலை இல்லை அது, நுரையீரல் காற்றுப்பை. அதனால் நெஞ்சு நோய் டாக்டரிடம் பேசிவிட்டு எடுங்கள். பாலிசியில் வராது, கைக்காசுதான். அன்றைக்கே பீடியையும் விட்டால் அந்தக் காசு பாதி திரும்பிவிடும்.

ஊர் ஊராக வேனில் போய் ஸ்கேன் எடுக்கலாமே, ஏன் முகாம்களில் எக்ஸ்ரே மட்டும் வருகிறது?

கையில் தூக்கிப்போகும் எக்ஸ்ரே கருவிகள் காசநோய்த் திட்டத்தில் இப்போது ஊருக்குள்ளேயே வருகின்றன. அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். அல்ட்ராசவுண்டுக்குக் கதிர்வீச்சே இல்லை, ஆனால் கட்டுப்பாடு அதைவிட இறுக்கம். காரணம் 1994ஆம் ஆண்டின் கருவின் பாலினம் அறியத் தடைச் சட்டம். மிஷின் எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறதோ அங்கேதான் இருக்க வேண்டும். நடமாடும் வண்டிக்குத் தனி விதிகள். மார்பகத்தைப் பார்க்கக் கொண்டுபோகும் மிஷின் கருவையும் பார்க்கும் அல்லவா. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்க வேண்டியிருந்தது. அந்த ஊர்ப்பக்கத்துக்காரர்கள் இந்தச் சட்டம் ஏன் என்று கேட்கக் கூடாது.

கதிர்வீச்சு பயமாக இருக்கிறதே?

கதிர்வீச்சை அளக்கும் அலகு மில்லிசீவர்ட். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே ஏறக்குறைய 0.1. மேமோகிராம் 0.4. சாதாரண நெஞ்சு சி.டி. 7 வரை போகும், குறைந்த கதிர்வீச்சு சி.டி. 1.5. சும்மா மண்ணிலும் வானத்திலும் இருந்து வருடத்துக்கு இரண்டரை, மூன்று நம் மேல் படுகிறது. தேவைக்கு எடுக்கப் பயப்பட வேண்டாம். எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்டிலும் இந்தப் பேச்சே இல்லை.

வரியில் ஏதாவது கழியுமா?

பழைய வரிமுறையில் இருந்தால் 80டி என்று பழகிய மருத்துவக் காப்பீட்டுக் கழிவில் தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை உண்டு. ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் ஏற்பார்கள். பிரீமியத்துக்கான வரம்புக்குள்ளேயே அடங்கும் தொகை அது, தனியாகக் கூடுதல் இல்லை. புது முறைக்கு மாறியவர்களுக்குக் கிடையாது. தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை.

நிஜமாகவே நோய்க்காக எடுத்த ஸ்கேனையும் 'பரிசோதனை மட்டும்' என்று தள்ளிவிட்டார்கள். என்ன செய்ய?

இது நடக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மதிப்பீட்டுக்காக அனுமதிக்கப்பட்டார்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், அதையே பிடித்துக்கொள்வார்கள். என்ன அறிகுறியோடு போனீர்கள், ஏன் வீட்டிலிருந்து பார்க்க முடியவில்லை, என்ன ஊசி, என்ன மருந்து என்று டாக்டரிடம் விளக்கக் கடிதம் வாங்கி முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியாகாவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு, ஒரு வருடத்துக்குள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம்.

பழைய ஸ்கேன் படங்களை எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும்?

தூக்கிப் போடாதீர்கள். ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, படம் பதிந்த டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். புதிதாக ஒரு நிழல் தெரியும்போது, 'இரண்டு வருடம் முன்பும் இது இதே அளவில்தான் இருந்தது' என்று ரேடியாலஜிஸ்ட் சொல்ல முடிந்தால் பல ஊசிகளும் ஒரு அட்மிஷனும் மிச்சம்.

பெரியம்மா தன் படங்களைப் பீரோவில் பட்டுச்சேலைக்கு நடுவில் வைத்திருக்கிறார். போன வருடம் அவருக்கு நிஜமாகவே தலைசுற்றல் வந்து, பெருந்துறை அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதாம்மா, காதுலதான் கோளாறு" என்று மாத்திரை எழுதினார். முப்பதாயிரம் வீண் போகவில்லை என்று பெரியம்மா இப்போதும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை.